நென் ஆற்றில் கேட்ட கேள்வி

18-5-1998, திங்கள்

இன்றைக்கும் கம்பெனி பஸ் இருபது நிமிஷம் லேட். டிரைவரைக் கேட்டால் லாரி, ரயில்வே கேட் என்று கதை அளக்கிறான். நான் கத்தின கத்தலில் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த எங்கள் லைன் வஜீதா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கத்தி என்ன ஆச்சு? லேட் மார்க் விழுந்தது விழுந்ததுதான்.

சாயங்காலம் மறக்காமல் இரண்டு கேன் தண்ணீர் பிடித்து வந்தேன். கம்பெனி ஃபில்டர் தண்ணீர். வீட்டில் நாலு பேருக்கும் குடிக்க அதுதான். எங்கள் கிணற்றில் மொண்டு வைத்தால் ஒரு மணி நேரத்தில் டீத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும், வாயில் வைத்தால் ஒரே உப்பு. மேட்டில் எங்கள் கம்பெனிக்குத் தோல் பதனிட்டுத் தரும் டேனரி வந்த ஆறு வருஷமாக இப்படித்தான். அண்ணன் முதலில் கரும்பை விட்டான், பிறகு நெல்லை விட்டான். இப்போது மிச்சம் இருப்பது தென்னை. அதுவும் குரும்பையாகவே கொட்டுகிறது.

இதை எழுத உட்காரவில்லை நான். விஷயம் வேறு. மதியம் எக்ஸ்போர்ட் மேனேஜர் முனீர் அகமது கூப்பிட்டு அனுப்பினார். என்ன ரிஜெக்டோ என்று பயந்துகொண்டே போனேன். “இன்னா ஜெயபுஷ்பம், இங்கிலாந்து போறியா?” என்றார். கிண்டல் என்று நினைத்தேன். கிண்டல் இல்லை. நாம் இங்கே தைத்து அனுப்பும் மேல்பாகம், அந்த அப்பர், அங்கே எப்படி முழு ஷூவாகிறது, எங்கே தப்பாகிறது என்று ஒரு லேடி சூப்பர்வைசர் வந்து மூன்று வாரம் பார்க்கட்டும் என்று அங்கே வாங்குகிற பையர் கம்பெனியில் எழுதியிருக்கிறார்களாம். பாய் தன் வீட்டம்மா ஜஹீதாவையும் கூட்டி வருகிறார், அதனால் ஊர் பேச ஒன்றும் இல்லை.

ஏன் பாய் நானு என்று கேட்டேன். “போன வருஷம் அந்த வெள்ளக்காரர் லைன்ல நடந்து வர்றப்ப உன் விரல்ல ஊசி எறங்கிச்சில்ல? அப்பவும் நோ ப்ராப்ளம் சார்னு சிரிச்ச பாரு. அத அவங்க இன்னும் சொல்றாங்க” என்றார்.

எங்களுக்குக் கம்பெனி சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ் மூன்றே மூன்று. எஸ் சார். தேங்க்யூ சார். நோ ப்ராப்ளம் சார். அதில் நான் டிஸ்டிங்ஷன்!

31-5-1998, ஞாயிறு

விசா வந்துவிட்டது. சபையில் பாஸ்டர் ஐயர் என் பேர் சொல்லி ஜெபித்தார். அண்ணி பிரிசில்லா யாரிடமோ வாங்கி ஒரு ஸ்வெட்டர் கொண்டு வந்தாள், நாஃப்தலின் வாசனை தூக்குகிறது.

அண்ணன் இரண்டு நாளாக ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் இருந்தான். இன்றைக்குச் சாப்பிடும்போது சொன்னான். “புஷ்பா, நீயா வாயத் தொறந்து நம்ம தண்ணியப் பத்தி எதுவும் சொல்லாத. வேலைக்கு ஆபத்து. ஆனா அங்க யாராவது கேட்டா மட்டும் உள்ளதச் சொல்லிடு. இங்க சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வத்திப்போச்சு.”

வேலூரில் விசாரணை நடக்கப்போகிறதாம். எந்தெந்த ஊர்க் கிணறு கெட்டது என்று பட்டியல் எடுக்கிறார்கள். பட்டியலில் ஊர் பேர் ஏறினால் குடிதண்ணீர்க் குழாய் வரும், டேனரிக்காரன் கால்வாயில் கழிவு விட முடியாது. மூன்று வருஷமாக அண்ணன் அதற்குத்தான் அலைகிறான். அண்ணன் சாந்தகுமார் என்றால் தாலுகா ஆபீஸ் பியூனுக்குக்கூட அலுப்பு.

யாரும் கேட்கமாட்டாங்கண்ணா, ஷூவைப் பத்தித்தான் கேட்பாங்க என்றேன்.

9-6-1998, செவ்வாய். நார்தாம்ப்டன்

ஜூன் மாதத்தில் பல் கிடுகிடுக்கிறது. நாஃப்தலின் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. ஜஹீதா அக்கா ஊறுகாய் பாட்டில் மட்டும் இல்லாவிட்டால் பட்டினிதான்.

நான் தைத்த அப்பரை இங்கே ஒரு கிழவர் கையில் வைத்துத் தடவிப் பார்த்து “குட்” என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சீ, என்ன இது சின்னப்பிள்ளை மாதிரி.

14-6-1998, ஞாயிறு

சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். நேற்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

டெரிக் என்று ஒருவர். பையர் கம்பெனியில் தோல் எந்த ஊரிலிருந்து வருகிறது, எப்படிப்பட்ட இடம் என்று பார்ப்பது அவர் பொறுப்பு. ரிடையர் ஆகும் வயசு. அவரும் அவர் மனைவி மேவிஸும் சொந்தமாகப் படகு வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை எங்கள் மூன்று பேரையும் அதில் கூப்பிட்டார்கள்.

படகு என்றதும் துடுப்பு, ஓட்டை, உயிர் பயம் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால், ரயில் பெட்டியை நெடுக அறுத்துப் பாதியைத் தண்ணீரில் விட்டது போல இருக்கிறது. அகலம் இரண்டு கட்டிலுக்குத்தான் வரும், நீளம் போய்க்கொண்டே இருக்கிறது. உள்ளே அடுப்பு, கட்டில், ஜன்னலுக்குத் திரை, பித்தளைக் கெட்டில். தகர வாளியில்கூட ரோஜாப்பூ வரைந்திருக்கிறார்கள். குடித்தனமே பண்ணலாம்.

ஆற்றுக்குப் பேர் நென். எழுத்துக் கூட்டினால் நீன் என்று வருகிறது, ஆனால் இந்த ஊர்க்காரர்கள் நென் என்கிறார்கள்.

எவ்வளவு மெதுவாகப் போகிறது தெரியுமா! கரையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்த அம்மா எங்களைத் தாண்டிப் போய்விட்டாள். போய்விட்டுத் திரும்பிக் கையாட்டினாள். எனக்குக் காலெல்லாம் பரபரவென்று இருந்தது. காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு வரைக்கும் பீஸ், பீஸ் என்று ஓடுகிற ஆள் நான். சும்மா உட்காரச் சொன்னால் எப்படி? முதல் ஒரு மணி நேரம் துடைக்க ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். மேவிஸ் சிரித்துக்கொண்டே என் கையில் இருந்த துணியைப் பிடுங்கிக்கொண்டாள்.

அப்புறம் எப்படியோ அடங்கிவிட்டேன். வாத்து, அதன் பின்னால் ஆறு குஞ்சு. தண்ணீரைத் தொடுகிற மரக்கிளை. என்ஜின் டொக் டொக் என்று ஒரே தாளத்தில். பாய் முன்பக்கம் தலையில் கர்ச்சீஃப் போட்டுக்கொண்டு தூங்கிப்போனார். ஜஹீதா அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள். பதினேழு வருஷம் ஆச்சு கல்யாணமாகி, இந்த மனுஷன் கூட இப்படிச் சும்மா உட்கார்ந்ததே இல்லை என்றாள்.

நடுவில் ஆற்றுக்குக் கதவு போட்டிருக்கிறார்கள்! படகு உள்ளே போனதும் பின்கதவைச் சாத்திவிடுகிறார்கள். முன்னால் ஒரு இரும்புப் பலகை, அதை மேலே தூக்கச் சக்கரம் இருக்கிறது. கொஞ்சம் தூக்கினால் தண்ணீர் வெளியே போகிறது, படகு கிணற்றுக்குள் இறங்குவது போல மெல்ல இறங்குகிறது. சக்கரத்தை நான் சுற்றுகிறேன் என்றேன். நூறு சுற்றுக்கு மேல் எண்ணினேன், பிறகு எண்ணிக்கை விட்டுப்போச்சு. கை கழன்றுவிட்டது. டெரிக் கைதட்டினார். எனக்கு ஒரே பெருமை.

ஏப்ரலில் ஈஸ்டர் சமயம் இங்கே வெள்ளமாம். ஒரு சுவரைக் காட்டி இந்த உயரம் வந்தது என்றார். அப்புறம், மழைக்குப் பிறகு ஆறு கொஞ்சம் கலங்கலாக இருக்கிறது, மன்னிக்கணும் என்றார். என்னிடம் மன்னிப்பு! பாலாற்றில் மணலையும் நுரையையும் தவிர ஒன்றும் பார்க்காத என்னிடம்!

மேவிஸ் படகுக்குள் இருந்த குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். கண்ணாடி போல இருந்தது.

அப்புறம்தான் அது நடந்தது.

பின்பக்கம் டெரிக்கும் நானும் மட்டும். மேவிஸ் உள்ளே சாண்ட்விச் பண்ணிக்கொண்டிருந்தாள். திருப்புகிற கம்பை என்னிடம் கொடுத்து, பிடித்துக்கொள் என்றார். நான் பிடித்துக்கொண்டு ராணி மாதிரி நிற்கிறேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டு எடுத்தார். மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். உங்கள் ஊர் டேனரிக்குப் பக்கம்தானே? உங்கள் வீட்டில் தண்ணீர் நன்றாக இருக்கிறதா? டேனரியால் ஏதாவது தொந்தரவு உண்டா?

கேட்டது அட்சரம் அட்சரமாகப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்லக்கூட வழியில்லை.

நோ ப்ராப்ளம் சார் என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். இரண்டாவது தடவை கேட்டார். முனீர் அங்கே முன்னால் தூங்குகிறார், நீங்கள் என்னிடம் சொல்லலாம் என்றார்.

நோ ப்ராப்ளம் சார். சிரிப்பு வேறு.

எழுதிக்கொண்டார். நோட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாண்ட்விச் வந்தது. சாப்பிட்டேன்.

15-6-1998, திங்கள்

ஏன் அப்படிச் சொன்னேன்?

பாய்க்குப் பயந்தா? பாய் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வேலை போய்விடும் என்றா? அந்த நிமிஷம் அந்த நினைப்பே இல்லை. உண்மையை எழுதுடி. யார் படிக்கப்போகிறார்கள் இதை. வெட்கமாக இருந்தது. அவ்வளவு நல்ல தண்ணீர் மேல் நின்றுகொண்டு, என் வீட்டில் இப்படித்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த ஒரு நாளைக்கு நானும் அவர்களைப் போல ஒருத்தி என்று நினைத்துக்கொண்டுவிட்டேன். ஒரு நாள். ஒரே ஒரு நாள் சந்தோஷமாக இருந்தேன், அதைக் கெடுக்க மனசு வரலை.

இன்று காரிடாரில் டெரிக்கைப் பார்த்தேன். சார் என்று கூப்பிட்டேன். நின்றார். “குட் மார்னிங் சார்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தூ!

28-6-1998, ஞாயிறு. வீடு

அக்சாவுக்குச் சாக்லேட், அண்ணிக்கு ஒரு குடை. படகு ஃபோட்டோவைப் பார்த்துவிட்டு அக்சா, “அத்தை, நீங்களா ஓட்டுனீங்க?” என்று பத்து தடவை கேட்டுவிட்டாள். பன்னிரண்டு வயசுக்கு இதெல்லாம் அதிசயம்தான்.

அண்ணன் எல்லாரும் போகிற வரைக்கும் காத்திருந்தான். “யாராவது கேட்டாங்களா?”

இல்லண்ணா. யாரும் கேக்கல.

“சரி வுடு. அவங்களுக்கு இன்னா தெரியும் நம்ம கத” என்று என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தான்.

9-2-1999, செவ்வாய்

இன்று வேலூரில் விசாரணை. காலையில் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனான். அண்ணி ஜெபம் பண்ணி அனுப்பினாள்.

நான் வேலை முடிந்து வரும்போது வாசலில் உட்கார்ந்திருந்தான். பாட்டில் இரண்டும் பக்கத்தில். நான் கேனை இறக்கி வைத்தேன். என்னாச்சுண்ணா?

டேனரி தரப்பு வக்கீல் ஒரு காகிதம் வாசித்தாராம். டெரிக்கின் இங்கிலாந்து கம்பெனி டேனரிக்கு எழுதிய காகிதம். அந்த ஊரிலேயே குடியிருக்கும் சூப்பர்வைசர் ஜெயபுஷ்பம், தண்ணீரில் எந்தப் பிரச்னையும் இல்லை என்று இரண்டு முறை உறுதியாகச் சொன்னார். அப்படி. இரண்டு முறை என்றுகூட எழுதியிருந்ததாம். அதிகாரி நிமிர்ந்து, இந்த அம்மா யார், தெரியுமா என்று அண்ணனைக் கேட்டிருக்கிறார்.

“என் தங்கச்சின்னு சொன்னேன்” என்றான் அண்ணன்.

அவ்வளவுதான் சொன்னான். திட்டவில்லை. அண்ணா, திட்டேன். அடியேன் ஒரு அடி. யாரும் கேக்கலன்னு அன்னைக்குச் சொன்னியேன்னு கேளேன்! எதுவும் கேட்கவில்லை. பாட்டிலில் இருந்ததைத் தென்னைக்கு ஊற்றிவிட்டுக் கைகால் கழுவப் போனான்.

10-2-1999

நான் கொண்டு வந்த தண்ணீரை அண்ணன் குடிக்கவில்லை.

14-2-1999, ஞாயிறு

இன்னும் குடிக்கவில்லை. சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊருக்குப் போய்ப் பிடித்து வருகிறான். வர ஒரு மணி நேரம். அண்ணி இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, சோறு வடிக்க எந்தத் தண்ணீர் என்று என் முகத்தைப் பார்க்கிறாள்.

சர்ச் வாசலில் அன்னம்மாள் பிடித்துக்கொண்டாள். அவர்கள் கிணறு எங்கள் கிணற்றுக்கு அடுத்தது. “வெள்ளக்காரன் வூட்டு கேக்கு ரொம்ப இனிச்சிதாம்மா?” என்றாள். கேக் இல்லை, சாண்ட்விச் என்று வாயில் வந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

22-2-1999, திங்கள்

முனீர் பாயிடம் போய், மாத்திச் சொல்லப்போறேன் பாய் என்றேன். வேலை போனாலும் பரவாயில்லை என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனேன்.

பாய் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் உன்ன அப்படிச் சொல்லச் சொன்னேனா?” இல்லை பாய். “நான் பக்கத்துல கூட இல்ல. நீ உண்மையச் சொல்லியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்? ரெண்டு நாள் பேஜாரா இருந்திருக்கும். போய்ச் சொல்லு, உன்ன யாரும் வேலைய வுட்டு எடுக்க மாட்டாங்க.”

இத்தனை நாள் நான் பயந்ததாகச் சொல்லிக்கொள்ள அந்த ஆளாவது இருந்தார். இப்போது அதுவும் இல்லை.

3-3-1999, புதன்

லீவு போட்டுவிட்டு வேலூர் போனேன். அண்ணனிடம் சொல்லவில்லை, ஆனால் கடைசி பெஞ்சில் அவன் இருந்தான்.

என் பேர், ஊர், வேலை சொன்னேன். எங்க கிணத்துத் தண்ணி செவப்பா இருக்கும் சார், உப்பு சார், ஆறு ஏழு வருஷமா கம்பெனித் தண்ணிதான் குடிக்கிறோம் சார் என்றேன்.

அதிகாரி கேட்டார். “அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யாம்மா?”

அப்ப சொன்னதுதான் சார்.

“யாராவது மிரட்டினாங்களா?”

இல்ல சார்.

“பின்ன எதுக்குப் பொய் சொன்னீங்க?”

யோசித்துப் பார்த்தேன், வேறு ஒன்றும் இல்லை. படகுல இருந்தோம் சார், நல்ல நாளா இருந்திச்சு, கெடுக்க மனசு வரல என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவை வைத்தார். டைப்பிஸ்டிடம், இதை எப்படிப் போடுவது என்று கேட்டார். வக்கீல் எழுந்து, இவங்க சொந்த அண்ணன்தான் மனுதாரர், வீட்டுல அழுத்தம் இருக்கும் இல்லையா என்றார்.

வெளியே வந்தபோது அண்ணன் போய்விட்டிருந்தான். பஸ்ஸில் தனியாக வந்தேன்.

17-4-1999, சனி

பட்டியல் வந்துவிட்டது. எங்களுக்கு மேலே இரண்டு ஊர், கீழே மூன்று ஊர். நடுவில் எங்கள் ஊர் இல்லை. ‘முரண்பட்ட வாக்குமூலங்கள்’ என்று காரணம் போட்டிருக்கிறது.

29-8-1999, ஞாயிறு

தென்னை பதினொன்றையும் வெட்டிவிட்டார்கள். அண்ணன் நாளைக்கு பெங்களூர் போகிறான். ஏதோ அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி வேலை. சட்டை, தொப்பி எல்லாம் அவர்களே தருகிறார்களாம். நாற்பத்தாறு வயசில் தொப்பி.

என்னிடம் பேசாமல் இல்லை. சாப்பிட்டியா, கேஸ் சிலிண்டர் சொல்லிட்டியா, அக்சா டியூஷனுக்குப் போனாளா — எல்லாம் பேசுவான். சண்டை போட்டிருந்தால் ஒரு நாள் சமாதானம் ஆகியிருக்கும். இதற்கு எங்கே போய் சமாதானம் ஆவது?

6-1-2000, வியாழன்

டெரிக்கிடமிருந்து பதில். கிறிஸ்துமஸுக்கு முன்னால் எல்லாவற்றையும் எழுதி அனுப்பியிருந்தேன், சர்ச் ஸ்கூல் டீச்சரை வைத்து இங்கிலீஷில். அவர் ரிடையர் ஆகிவிட்டாராம். டீச்சர் வாசித்துச் சொன்னாள், நான் அப்படியே எழுதி வைக்கிறேன்.

‘அன்று உங்கள் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வருஷம் உங்கள் ஊர் வழியாகக் காரில் போயிருக்கிறேன், கால்வாயைப் பார்த்தேன். அந்த டேனரித் தோலை நிறுத்தச் சொல்ல, எனக்கு மேலே இருந்தவர்களுக்கு அங்கே வசிக்கிற ஒருவரின் வார்த்தை வேண்டியிருந்தது. அதற்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் சொன்னதை எழுதுவதைத் தவிர எனக்கும் வழி இருக்கவில்லை. மூன்றாவது தடவை கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.’

டீச்சர் போன பிறகு அழுதேன். மூன்றாவது தடவை கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியும்.

19-5-2003, திங்கள்

அக்சா பிளஸ் டூ பாஸ். நர்ஸிங் சேர வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். கவர்மெண்ட் சீட்டுக்கு மார்க் போதவில்லை, பணம் கட்டி வேறு இடத்தில் படிக்க வைக்க அண்ணனால் முடியாது. நான் தருகிறேன் என்றேன். அண்ணி, “அவர் வேணாம்னுட்டாரு புஷ்பா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பெங்களூரிலிருந்து போன். அண்ணன்தான். அண்ணியைக் கேட்பான் என்று கூப்பிடப் போனேன். “இல்ல, உங்கிட்டதான்” என்றான். “அக்சாவுக்கு உங்க கம்பெனில ஒரு எடம் கேட்டுப் பாரேன், புஷ்பா.”

நாலு வருஷத்தில் என்னிடம் அவன் கேட்ட முதல் உதவி. சரிண்ணா என்றேன். வேறு என்ன சொல்ல? எங்கள் கம்பெனிக்கு அந்த டேனரித் தோல்தான் இன்னும் வருகிறது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

2-6-2003, திங்கள்

அக்சாவுக்கு இன்று முதல் நாள். அண்ணன் லீவு போட்டுவிட்டு சனிக்கிழமையே வந்திருந்தான். முடி நன்றாக நரைத்துவிட்டது. காலையில் பஸ் நிறுத்தம் வரைக்கும் எங்கள் கூடவே நடந்து வந்தான். அக்சா புதுச் சுடிதாரில் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

பஸ் வருவது தெரிந்ததும் அண்ணன் அவள் தோளில் கை வைத்தான். “பயப்படாத. அத்தை எப்படிப் பேசுறாங்கன்னு கவனி. மேல இருக்கறவங்க யாராவது ஏதாவது கேட்டா, அத்தை சொல்ற மாதிரியே பதில் சொல்லு.”

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். குத்திக் காட்டுகிறானோ என்று தேடினேன். காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பெண்ணுக்கு வேலை நிலைக்க வேண்டுமே என்கிற கவலை மட்டும்தான் அந்த முகத்தில் இருந்தது.

அக்சா “சரிப்பா” என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் பஸ்ஸில் ஏறினாள்.